மிஸ்ஸியின் பிரியாவிடையும் என் கைக்கம்ப்யூட்டரும்

என்னை இந்த உலகத்துக்குள் கைநீட்டி வாங்கிய பெண்மணியை, அவருடைய பிரியாவிடைக் கூட்டத்திலேயே, முந்நூறு பேர் முன்னிலையில் நான் காட்டிக்கொடுத்தேன். வேண்டுமென்று செய்ததல்ல. அவருடைய கௌரவத்தைக் காப்பாற்றத்தான் போனேன். (இன்னொருவர் கௌரவத்தைக் காப்பாற்றப் புறப்படுகிறவன் கையில் பெற்றரி போட்ட சாமான் எதுவும் இருக்கக்கூடாது என்பது என் கட்சி.) இத்தனை வருடம் கழித்தும் வீட்டில் அந்தக் கதையை எடுத்தால் நான் எழுந்து அடுப்படிப் பக்கம் போய்விடுவேன். இன்றைக்கு நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் சொல்லும்போது ஒவ்வொரு முறையும் இரண்டு வரி கூடிவிடுகிறது.

இரண்டாயிரத்து ஆறு அல்லது ஏழாக இருக்க வேண்டும். எனக்கு இருபத்துமூன்று வயது. இலங்கை மலைநாட்டில், கொட்டகலை பஸாரில், ஒரு புடைவைக்கடையின் மேல்மாடியில் இருந்த கணினி வகுப்பில் படிப்பிக்கிற வேலை. ஐந்து கணினிகள், மழை இல்லாத நாளில் நான்கு வேலை செய்யும். எங்கள் லயத்திலிருந்து, அதாவது தேயிலைத் தோட்டத்து வரிசைவீடுகளிலிருந்து, கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு காலை பஸ்ஸுக்கு இறங்கிய முதல் ஆள் நான்தான். அதற்கு முன் அங்கே கழுத்துப்பட்டி கட்டியவர், தீபாவளி நாடகத்தில் தோட்டத்துத் தொரை வேஷம் போட்ட பக்கத்துவீட்டு மாமா மட்டுமே. அவருக்கு அது பொருந்தியிருந்தது என்று அம்மா சொல்வார்.

அந்த வருடம் அக்காவின் கணவர், என் மச்சான், கட்டாரிலிருந்து லீவில் வந்தபோது எனக்கு ஒரு கைக்கம்ப்யூட்டர் கொண்டுவந்தார். அவர் வேலை செய்த இடத்தில் ஒரு என்ஜினியர் புதியது வாங்கிக்கொண்டு பழையதை இவரிடம் கொடுத்துவிட்டாராம். உள்ளங்கைக்குள் அடங்கும். திரையைத் தொட்டு எழுத ஒரு சின்னக் குச்சி. அதற்குத் தோலில் ஓர் உறை தைப்பித்து, பொலிஸ்காரர் துப்பாக்கி செருகுவது போல பெல்ட்டில் செருகிக்கொண்டு திரிந்தேன். போன் என்று நினைத்து, "ஒரு கோல் எடுத்துத் தாங்க தம்பி" என்று கேட்பார்கள். "இது போன் இல்லீங்க, கம்ப்யூட்டர்" என்று சொல்லும்போது எனக்கு இரண்டு அங்குலம் உயரம் கூடும். "அப்ப இது என்னாத்துக்கு?" என்பது அடுத்த கேள்வி. உடனே நான் உறையின் பொத்தானைப் பூட்டிவிடுவேன்.

இன்னொரு குறையும் இருந்தது. அதில் தமிழ் தெரியாது. என்ன எழுத்தைப் போட்டாலும் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள்தான் வரும், மலையிலிருந்து லயத்துக் கூரைகளைப் பார்ப்பது போல. பல வாரம் மண்டையை உடைத்து ஒரு வழி கண்டுபிடித்தேன். வகுப்பு முதலாளியின் மடிக்கணினியையும் இதையும் கம்பியில்லாமல் இணைத்து, மடிக்கணினித் திரையில் தெரிவதை அப்படியே படமாக இதற்கு அனுப்பும் ஒரு சிறு மென்பொருளைப் போட்டேன். எழுத்து அங்கே, அதன் படம் மட்டும் என் கையில். அங்கே ஒரு சொல்லைத் தட்டினால், மூன்று நான்கு விநாடி யோசித்துவிட்டு இங்கே வரும். முதல் முதலாக அம்மாவின் பெயரைத் தட்டி, கைக்கம்ப்யூட்டரை அம்மாவிடம் நீட்டினேன்.

அம்மா பார்த்தார். மடிக்கணினியையும் பார்த்தார்.

"இது ரெண்டுலயும் ஒண்ணுதானேடா தெரியுது? அப்ப பெரிசுலயே பாத்துட்டுப் போயிரலாம்ல?"

விஞ்ஞானம் எங்கள் வீட்டில் எப்போதும் இப்படித்தான் வரவேற்கப்பட்டது.

இனி மிஸ்ஸி. எங்கள் பக்கத்தில் ஆஸ்பத்திரித் தாதிகளையும் மருத்துவமாதுகளையும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். பரமேஸ்வரி மிஸ்ஸி யாழ்ப்பாணத்துக்காரர். இளம் வயதில் எங்கள் தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் பிரசவம் பார்க்க வந்தவர், கல்யாணமும் செய்யவில்லை, மாற்றமும் கேட்கவில்லை. முப்பது வருடத்துக்கு மேல் இருந்தும் எங்கள் பேச்சு அவர் நாக்கில் ஒட்டவேயில்லை. 'எண்டு', 'என்ர' என்று பேசியபடியே தோட்டத்துப் பிள்ளைகளையெல்லாம் வாங்கினார். என்னையும் அவர்தான் வாங்கினார். மற்றப் பிள்ளைகள் தலையால் வர, நான் காலால் வந்தேனாம். "நீ அண்டைக்கே நேரா வரேல்லை" என்று வழியில் கண்டால் சொல்வார். நல்ல மனநிலையில் இருந்தால் என்னை 'நீ' என்பார். கோபம் வந்தால் மரியாதை கூடி 'நீர்' ஆகிவிடும்.

அவருக்கும் என் அக்கா ராணிக்கும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை. காரணம் சின்னதல்ல.

மச்சான் கட்டாரில் இருந்த காலம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்காவுக்கு வலி கண்டது. முதல் பிள்ளை. அம்மா மிஸ்ஸிக்கு ஆள் அனுப்பினார். மிஸ்ஸி வந்தார், வாசலில் நின்றார், உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. "லொறியில ஏத்துங்கோ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ" என்றார். அக்கா கட்டிலில் கிடந்து கெஞ்சினாள். மிஸ்ஸி இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் சுருட்டிக்கொண்டு திரும்பி நடந்துவிட்டார். அன்றைக்கு அடைமழை. வழியில் மண் சரிந்து லொறி நின்றது. தார்ப்பாயின் கீழே, கொழுந்துச் சாக்குகளின் மேலே, அம்மாவும் பக்கத்துவீட்டு அத்தையும் பிள்ளையை எடுத்தார்கள். டிரைவர் அண்ணன் பள்ளத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆண்டவன் புண்ணியத்தில் ஒன்றுமில்லை. பிள்ளைக்குத் திவ்யா என்று பெயர் வைத்தோம். தோட்டம் அதை லொறிக்குட்டி என்று கூப்பிட்டது.

அக்கா அதை மறக்கவில்லை. "ஊரு புள்ளைக்கெல்லாம் கை நீட்டுனவுகளுக்கு என் புள்ளைக்கு மட்டும் கை வரல" என்று கொழுந்து மலையில், தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில், கோயில் வாசலில் எல்லா இடத்திலும் சொன்னாள். அதற்குப் பிறகு மிஸ்ஸி லயத்துக்கு வந்து பிரசவம் பார்க்கவேயில்லை. எல்லோரையும் ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார். மிஸ்ஸிக்குப் பெருமை வந்துவிட்டது, சோம்பல் வந்துவிட்டது என்று மற்றவர்களும் பேசத் தொடங்கினார்கள்.

இந்த நிலையில்தான் அவர் ஓய்வுபெறும் நாள் வந்தது. என்ன பேசினாலும் முப்பது வருட உறவல்லவா? தோட்டத்துப் பாடசாலை மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் பிரியாவிடை என்று கண்டாக்கையா ஏற்பாடு செய்தார். (கண்டாக்கையா என்றால் மலையில் வேலையை மேற்பார்க்கும் பெரிய உத்தியோகத்தர். எந்த விழாவுக்கும் அவர்தான் தலைவர். வேறு யாரும் கேட்டதில்லை.)

அதற்குப் பத்து நாள் முன்பு, வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு மிஸ்ஸி படியேறி வந்தார். கையால் எழுதிய நாலு பக்கம். "தம்பி, இதைப் பெரிய எழுத்தில அடிச்சுத் தா. சபையில வாசிக்க வேணும்." அடித்துக் கொடுத்தேன். சரிபார்க்க அங்கேயே நின்று சத்தமாக வாசித்தார். குரலுக்கு முன்னால் எனக்குக் கேட்டது கடதாசியின் சத்தம்தான். சளசளவென்று, ஜன்னலோரம் காற்றில் அடிபடுகிற மாதிரி. ஜன்னல் சாத்தியிருந்தது.

"குளிருது" என்றார் மிஸ்ஸி.

எனக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. அவர் கதிரையை இழுத்து உட்கார்ந்து, கைகளை மடியில் வைத்து, ஒன்றை மற்றதால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மூண்டு வருசமாச்சுது. முதல் வலது கை. இப்ப ரெண்டும். கொழும்பில காட்டினனான். மருந்து இருக்கு, மாறாது எண்டினம்."

மூன்று வருடம். நான் மனதுக்குள் கழித்துப் பார்த்தேன்.

"அப்ப... அக்காவுக்கு வலி வந்தன்னைக்கு?"

"ஓம். உன்ர அக்காவைத் தொடப் பயந்தனான்."

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மிஸ்ஸி."

"சொல்லேல்லை. இனியும் சொல்ல மாட்டன். நீயும் சொல்லக்கூடாது." எழுந்துவிட்டார். "இந்தக் கடதாசி மைக்குக்கு முன்னால இப்பிடிச் சத்தம் போட்டா முழுச் சனத்துக்கும் தெரிஞ்சிடும். நான் பேச மாட்டனெண்டு கண்டாக்கையாவிட்டச் சொல்லிவிடு."

அந்த இடத்தில் புத்தியுள்ள எவனுக்கும் தோன்றக்கூடிய ஒரு வழி இருந்தது. எனக்குத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது என் இடுப்பில் இருந்தது. பொலிஸ்காரரைப் போலவே உறையிலிருந்து உருவினேன்.

"கடதாசியே வேணாம் மிஸ்ஸி!"

திட்டம் இதுதான். மிஸ்ஸி மைக்குக்கு முன்னால் கைக்கம்ப்யூட்டரை இரண்டு கையாலும், முழங்கைகளை உடம்போடு அணைத்து, பிடித்துக்கொண்டு நிற்பார். சிறிய சாமான், சத்தம் போடாது. நான் மேடையின் பக்கத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் மடிக்கணினியோடு இருந்து உரையை மெல்ல மெல்ல மேலே தள்ளுவேன். அவர் எதையும் தொட வேண்டியதில்லை. கையில் தெரிவதை வாசித்தால் போதும்.

"அது நிண்டிடாதே?"

"உயிரே போனாலும் நிக்காது மிஸ்ஸி" என்றேன். (என்னுடைய உயிரைத்தான் சொன்னேன். அது அந்த ஞாயிற்றுக்கிழமை போய் வந்தது.)

டிஸ்பென்சரியில் மூன்று பின்னேரம் ஒத்திகை பார்த்தோம். எழுத்தை மிகப் பெரிதாக வைத்ததால் ஒரு தடவைக்கு நாலு சொல்தான் தெரியும். "நாலு நாலு சொல்லா வாசிக்க எனக்கு என்ன வாசிக்கிறனெண்டே விளங்கேல்லை தம்பி" என்றார். "விளங்கத் தேவையில்ல மிஸ்ஸி. தெரியிறதத் தெரியிறபடியே வாசிங்க" என்றேன். என் வாழ்க்கையில் நான் கொடுத்த புத்திமதிகளில் மிகவும் உண்மையாகப் பின்பற்றப்பட்டது அதுதான். கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'முற்றும்' என்று போட்டிருந்தேன். அதையும் அவர் அதே கம்பீரத்தோடு, "முற்றும்" என்று வாசித்தார். நான் சிரித்தேன். யோசித்திருக்க வேண்டும்.

அந்தப் பத்து நாளும் வீட்டில் இருப்பது பெரும்பாடு. அக்கா சோறு போடும்போதெல்லாம், "கூட்டத்துக்கு வருவேன். மொத வரிசையில புள்ளையோட ஒக்காருவேன். மூஞ்சியப் பாத்துக்கிட்டே பேசட்டும்" என்பாள். எனக்கு உண்மை தொண்டை வரை வரும். ஒரு வாய் சோற்றைப் போட்டு அதை உள்ளே தள்ளுவேன். அந்த நாட்களில் நான் உடம்பு வைத்ததாக அம்மா சந்தோஷப்பட்டார்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிரம்பி வெளியே மிட்டத்திலும் ஆட்கள் நின்றார்கள். முன்வரிசையில் தோட்ட அத்தியட்சகரான தொரை, சிங்களவர், நல்ல மனிதர், தமிழ் அவ்வளவாக வராது. அவர் பக்கத்தில் கண்டாக்கையா. சொன்னபடியே அக்காவும் முன்வரிசை ஓரத்தில், மடியில் லொறிக்குட்டியோடு, கோர்ட்டுக்கு வந்தவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் கழுத்துப்பட்டியோடு திரைச்சீலைக்குப் பின்னால் ஒரு மர வாங்கில் உட்கார்ந்திருந்தேன். மடிக்கணினி முழங்காலில். சீலை இடுக்கால் மிஸ்ஸியின் பக்கவாட்டும் முதல் இரண்டு வரிசையும் தெரிந்தன.

மிஸ்ஸி வெள்ளைச் சேலையில் மைக்குக்கு முன்னால் வந்து நின்றார். நான் முதல் வரியைத் தள்ளினேன்.

"மதிப்புக்குரிய தோட்ட அத்தியட்சகர் அவர்களே..."

கணீரென்று வந்தது. கடதாசி இல்லை, தடுமாற்றம் இல்லை. கையில் என்னமோ கண்ணாடி மாதிரி வைத்துக்கொண்டு மிஸ்ஸி மனப்பாடமாகப் பேசுகிறார் என்று சனம் வாயைப் பிளந்தது. எனக்குப் பெருமையில் காது சூடேறியது. அடுத்து தேர்தல் மேடைகளுக்கும் இதைக் கொண்டுபோவது பற்றி யோசிக்கத் தொடங்கிவிட்டேன்.

பாதி தாண்டியது. "இந்தத் தோட்டத்தில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் நான்" என்ற இடத்தில் மிஸ்ஸி கண்ணை நிமிர்த்தினார். நேரே அக்கா. அக்காவின் மடியில் பிள்ளை.

மிஸ்ஸியின் கை ஆடத் தொடங்கியது. முதலில் விரல். பிறகு மணிக்கட்டு. உடம்போடு அணைத்த பிடி விட்டு, கைக்கம்ப்யூட்டர் முன்னுக்கு வந்து நடுங்கியது. இரண்டாம் வரிசையில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

எனக்குப் பதறிவிட்டது. உரையின் நடுவிலேயே தட்டினேன்: 'மிஸ்ஸி, இரண்டு கையாலும் பிடியுங்கள். நடுக்கம் தெரிகிறது.'

மிஸ்ஸி அசையவில்லை. படம் போய்ச் சேர மூன்று நான்கு விநாடி ஆகும் என்பதை, அதைக் கண்டுபிடித்த மேதையே மறந்துவிட்டேன். போகவில்லையாக்கும் என்று நினைத்து இன்னும் தட்டினேன்: 'அக்காவைப் பார்க்க வேண்டாம். அவளுக்கு ஒன்றும் தெரியாது. நான் சொல்லவில்லை.'

அப்போது ஒலிபெருக்கியில், அதே கணீர்க் குரலில், நிறுத்தி நிதானமாக வந்தது:

"மிஸ்ஸி, இரண்டு கையாலும்... பிடியுங்கள். நடுக்கம்... தெரிகிறது."

என் ரத்தம் அப்படியே நின்றது. விரல் மட்டும் நிற்கவில்லை. 'ஐயோ இதை வாசிக்க வேண்டாம்' என்று தட்டினேன்.

"அக்காவைப் பார்க்க வேண்டாம். அவளுக்கு... ஒன்றும் தெரியாது. நான்... சொல்லவில்லை."

வெளியே மிட்டத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாயும் இதையெல்லாம் மலை முழுவதற்கும் சொல்லிக்கொண்டிருந்தது. நான் மடிக்கணினியைப் படாரென்று மூடினேன். அதனால் என்ன, கடைசியாகப் போன படம் மிஸ்ஸியின் கையில் அப்படியே உறைந்து நின்றது.

"ஐயோ" என்றார் மிஸ்ஸி, எந்த உணர்ச்சியும் இல்லாமல். பிறகு, "இதை வாசிக்க வேண்டாம்."

வாசித்து முடித்து, அடுத்த நாலு சொல்லுக்காகக் காத்திருந்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. முகம் மெல்லத் திரும்பிச் சீலை இடுக்கில் என்னைப் பார்த்தது. அந்தப் பார்வையை இன்றைக்கும் என்னால் எழுத முடியாது.

தொரை கண்டாக்கையாவின் பக்கம் சாய்ந்து, "மொகத கிவ்வே?" என்று கேட்டார். என்ன சொன்னார் என்று. கண்டாக்கையா கடமை தவறாதவர். "கியவன்ன எப்பா கிவ்வா சேர்" என்றார். வாசிக்க வேண்டாமாம், சேர். தொரை மிகவும் மரியாதையாகத் தலையாட்டினார்.

அக்கா எழுந்தாள்.

"என்னா தெரியாது எனக்கு?"

அவள் குரலை உயர்த்தினாள். "டேய் மோகன்! திரைக்குப் பின்னால நீதான இருக்க? என்னாடா எனக்குத் தெரியாது?"

நான் சீலையை விலக்கி வெளியே வந்தேன். மிஸ்ஸிதான் பேசினார். கைக்கம்ப்யூட்டரை என்னிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டேன். பிறகு வெறும் வலது கையை மைக்குக்கு முன்னால் நீட்டி, ஆடவிட்டார். மறைக்கவில்லை. காற்றில் இலை ஆடுவது போல அது பாட்டுக்கு ஆடியது.

"இதுதான் பிள்ளை உனக்குத் தெரியாதது" என்றார். மேடைத்தமிழ் போய்விட்டது. "நீ ஆளனுப்பின அண்டைக்கு இந்தக் கையில ஒரு கோப்பை தண்ணிகூட நிக்கேல்லை. உள்ள வந்தா நீ கையைப் பிடிச்சு விடமாட்டாய். நானும் பாவம் பாத்துத் தொட்டிடுவன். பிள்ளைக்குக் கழுத்தில கொடி சுத்தியிருந்தா இந்தக் கை என்ன செய்யும்? அதுதான் வாசலோட திரும்பினனான். பாதை உடைஞ்சு கிடந்தது எனக்குத் தெரியாது. பிறகு கேள்விப்பட்டு மூண்டு நாள் சாப்பிடேல்லை."

சனத்தின் பக்கம் திரும்பினார்.

"சோம்பேறியெண்டு ஏசினனீங்கள். கேட்டுக்கொண்டிருந்தன். பெருமைக்காரியெண்டு ஏசினனீங்கள். அதையும் கேட்டன். கை ஏலாதவ எண்டு ஒருத்தரும் சொல்லக்கூடாதெண்டுதான் எல்லாத்தையும் கேட்டுக்கொண்டிருந்தன். அது என்ர பிழை. முதலே சொல்லியிருந்தா, முதலே ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பாய். லொறியில பெத்திருக்க மாட்டாய்."

மண்டபத்தில் ஒரு பெண் விசும்புவது கேட்டது. அக்கா அழவில்லை. நின்றபடியே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துபோனேன். அக்கா பேசாமலிருப்பது நல்லதற்கல்ல.

"ரெண்டு வருஷம் மிஸ்ஸி" என்றாள் கடைசியில். "ரெண்டு வருஷமா வாய் நோக ஏசியிருக்கேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா நானும் ஏசியிருக்க மாட்டேன், நீங்களும் பட்டினி கெடந்திருக்க வேணாம். இந்த மடப்பயலுக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்கு. எனக்குச் சொல்ல வாய் வரலயா?"

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடையேறினாள். மிஸ்ஸி இரண்டடி பின்வாங்கினார். "வேண்டாம் பிள்ளை, தூக்க ஏலாது, விழுத்திப்போடுவன்."

"யாரு தூக்கச் சொன்னா? அது நடக்கும்" என்று அக்கா பிள்ளையைக் கீழே விட்டாள். லொறிக்குட்டி மிஸ்ஸியை நிமிர்ந்து பார்த்தது. எட்டி ஒரு விரலைப் பிடித்தது. விரல் ஆடியது. பிள்ளைக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது. அதுவும் கையை ஆட்டிக்கொண்டு, கெக்கெக்கே என்று சிரித்தது. முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பிறகு மண்டபம் முழுவதும். மிஸ்ஸியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தொரை எழுந்து நின்று கைதட்டினார். என்ன நடந்ததென்று அவருக்கு யாராவது சொன்னார்களா தெரியாது.

மிச்ச உரையை யாரும் கேட்கவில்லை. தாய்மார் ஒவ்வொருவராக மேடைக்கு வந்தார்கள். எல்லோரும் அந்தக் கையைப் பிடித்துத்தான் பேசினார்கள். பிடித்தவுடன் நடுக்கம் நிற்கவில்லை. ஆனால் அதை யாரும் கவனித்த மாதிரியும் இல்லை.

நான் மேடையின் பின்படியில் உட்கார்ந்து மடிக்கணினியைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி வந்து பக்கத்தில் நின்றார்.

"தம்பி, நீர் என்னைக் காட்டிக்குடுத்திட்டீர்."

'நீர்'. தலையைக் குனிந்துகொண்டேன்.

"மன்னிச்சுக்கங்க மிஸ்ஸி."

"வடிவாப் பெரிய எழுத்தில அடிச்சுத்தான் காட்டிக்குடுத்தனீர்" என்றார். என் தலையில் கையை வைத்தார். அந்த நடுக்கம் என் மண்டைக்குள் இறங்கியது. "போய்த் தேத்தண்ணி குடி. அழாத."

நான் அழுவது எனக்கே அப்போதுதான் தெரிந்தது.

அன்று பொழுதுபட மிஸ்ஸியை அக்கா எங்கள் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள். இரண்டு வருடத்துக்கு முன் அவர் தாண்டாத வாசலை அன்றைக்குத் தாண்டி வந்து கட்டிலில் உட்கார்ந்தார். அக்கா தேத்தண்ணியை அரைக் கோப்பை மட்டும் ஊற்றிக் கொடுத்தாள். நான் அம்மாவிடம், அந்த ஏற்பாடு எவ்வளவு நுட்பமானது, எழுத்து எங்கே இருந்து எங்கே போகிறது, தவறு எங்கே நேர்ந்தது என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தேன். மென்பொருளில் ஒரு திருத்தம் செய்தால் அடுத்த முறை இப்படி ஆகாது என்றும் சொன்னேன். அம்மா பொறுமையாகக் கேட்டார்.

"கடுதாசி கையில ஆடும்னுதானடா இம்புட்டும்?"

"ஆமா."

"ஒரு மேசையப் போட்டு, கடுதாசிய அதுமேல வச்சிருந்தா ஆடியிருக்குமா?"

மிஸ்ஸி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அக்கா பார்த்தாள். பாடசாலை மண்டபத்தில் நாற்பது மேசை இருந்திருக்கும். முதலில் சிரித்தது மிஸ்ஸிதான். தேத்தண்ணி புரையேறும்வரை சிரித்தார்.

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் நான் எந்தப் புதிய சாமானைக் கொண்டுவந்தாலும், எந்த யோசனையைச் சொன்னாலும், கேட்கப்படுவது ஒரே கேள்விதான்: "ஒரு மேசை போட்டாப் பத்தாதா?" என் கல்யாணத்துக்கு நான் ஒளிப்படம் காட்டும் இயந்திரம் வைக்க வேண்டும் என்றபோது மச்சான் கேட்டார். வீட்டுக்குத் தண்ணீர் இழுக்கும் மோட்டாரைத் தானாக நிறுத்த ஒரு வழி செய்தபோது என் மனைவி கேட்டாள். அவளுக்கு இந்தக் கதையைக் கல்யாணத்துக்கு முன்பே யாரோ சொல்லிவிட்டார்கள்.

மிஸ்ஸி யாழ்ப்பாணத்தில் தங்கையின் வீட்டில் இருக்கிறார். தைப்பொங்கலுக்குப் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். போன வருடம் பேசியபோது நடுக்கம் மிகவும் கூடியிருந்தது. போனைப் பிடித்திருந்த கை ஆட ஆட, திரையில் அவர் முகம் மேலும் கீழும் போனது. ஒரு கண் தெரிந்தது, கூரை தெரிந்தது, ஒரு காது தெரிந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போகிற லொறிக்குட்டி திவ்யா, "மிஸ்ஸி, உங்க மொகம் தெரியலயே" என்றாள். நான் போனை வாங்கி, கழுத்தில் மாட்டிக்கொள்கிற ஒரு வளையம் வந்திருக்கிறது மிஸ்ஸி, அதைத் தபாலில் அனுப்புகிறேன், அதோடு ஒரு சின்ன மென்பொருளும் போட்டால் படம் ஆடாது என்று சொல்லத் தொடங்கினேன்.

அம்மா அடுப்படியிலிருந்தே சத்தம் போட்டார்.

"மேசையில வைக்கச் சொல்லுடா!"

மிஸ்ஸிக்கு அது கேட்டது. திரை ஒருமுறை சுழன்றது. ஒரு சொம்பு தெரிந்தது, சுவர் தெரிந்தது. பிறகு படம் ஆடாமல் நின்றது. மிஸ்ஸி எங்கள் எல்லோருக்கும் நேராக உட்கார்ந்திருந்தார், நரைத்த தலை, வெள்ளைச் சேலை, கைகள் இரண்டும் மடியில் ஆடிக்கொண்டிருக்க.

"இப்ப வடிவாத் தெரியுதே பிள்ளையள்?" என்றார்.